குடாநாட்டு வரைபடக் கேக்: ஜிஐஎஸ் நாளுக்கு 60 பேருக்கு. எந்த அளவுத்திட்டம், கடனீரேரிக்கு என்ன?

கோப்பாய்க்கோடு எழுதியது:

வணக்கம். நவம்பர் மூன்றாம் புதன்கிழமை வாற ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை) நாளுக்கு ஒரு பள்ளிக்கூடப் புவியியல் மன்றம் கேக் வெட்ட இருக்குது. 1999 இலை தொடங்கின நாள் இது. கன நாடுகளிலை வரைபடம் வரைஞ்ச கேக்தான் அண்டைக்கு வழக்கம். நாங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் தீவுகளையும் வைக்கலாம் எண்டு யோசிக்கிறம். உண்மையான அளவுத்திட்டத்திலை இருக்க வேணும், பாத்து வரைஞ்ச படமா இருக்கக் கூடாது.

விபரம் இதுதான். 60 துண்டு வேணும். வீட்டு அவணுக்குள்ளை 30க்கு 35 செ.மீ. தட்டுக்கு மேலை போகாது. மண்டபத்திலை காத்தாடி மட்டும், ஏசி இல்லை, அதோடை மாரி காலம். கேக்கிலை ஒரு கி.மீ. எவ்வளவா வர வேணும்? எழுவைதீவு மாதிரிச் சின்னத் தீவுகளை என்ன செய்யிறது? கடல் ஒரு நிறம், கடனீரேரி இன்னொரு நிறம் எண்டு காட்டக் கடனீரேரிக்கு ஜெலி ஊத்தலாமோ? ஊர்ப் பெயர்களைத் தமிழிலைதான் எழுத வேணும். முழு இலங்கையையும் மலையோடை செய்தால் வடிவு எண்டு சிலர் சொல்லினம், அதிலையும் உங்கடை கருத்து வேணும்.

எல்லைக்கல் எழுதியது:

மாவைத் தொடுவதற்கு முன் அளவுத்திட்டத்தை முடிவு செய்யுங்கள். கோட்டின் தடிப்பு, எத்தனை பெயர் எழுதலாம், எந்தத் தீவு தெரியும் என்பதெல்லாம் அதிலிருந்துதான் வரும்.

உங்களுக்குப் பொருந்துவது 1:200,000. கேக்கில் 1 செ.மீ. என்றால் நிலத்தில் 2 கி.மீ. நெடுந்தீவின் மேற்கு முனையிலிருந்து ஆனையிறவு வரை கிழக்கு மேற்காக ஏறத்தாழ 84 கி.மீ., அது 42 செ.மீ. ஆகும். பருத்தித்துறை முனையிலிருந்து நெடுந்தீவின் தெற்குக் கரை வரை வடக்குத் தெற்காக ஏறத்தாழ 40 கி.மீ., அது 20 செ.மீ. இதற்குச் சுற்றிவரக் கடல் விட்டால் 50க்கு 30 செ.மீ. கேக் கச்சிதமாக இருக்கும். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள்களின் அளவிலேயே செய்யப் போனால் இதே சட்டகத்துக்கு 2 மீற்றர் நீளக் கேக் வேண்டும்.

இப்போது இந்தக் கேக்கின் நல்ல பகுதிக்கு வருகிறேன். இலங்கையின் எஸ்எல்டி99 தேசிய நெய்யரியில் (வரைபடத்தின் கட்டக் கோடுகள்) கிழக்குத் தூரம் 370,000 முதல் 470,000 மீற்றர் வரையும், வடக்குத் தூரம் 760,000 முதல் 820,000 மீற்றர் வரையும் சட்டகத்தை வையுங்கள். இது 100க்கு 60 கி.மீ. அதில் 10 கி.மீ. நெய்யரிக் கோடுகளைப் போட்டால் ஒவ்வொரு சதுரமும் கேக்கில் 5க்கு 5 செ.மீ. நீளப்பாட்டில் 10, அகலப்பாட்டில் 6, ஆக 60 சதுரம். உங்கள் 60 துண்டும் அதுதான். நெய்யரிக் கோடே வெட்டும் கோடு. மேல் விளிம்பில் கிழக்குத் தூரத்தையும் இடது விளிம்பில் வடக்குத் தூரத்தையும் எழுதினால், பிள்ளைகள் தங்கள் துண்டை ஆள்கூறு சொல்லிக் கேட்டு வாங்கலாம். நான்கிலக்க நெய்யரி வாசிப்பைப் படிப்பிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

இந்தச் சட்டகத்துக்குள் குடாநாடு மட்டும் வராது. பூநகரி, பரந்தன், கிளிநொச்சி நகரம் எல்லாம் உள்ளே விழும். கிளிநொச்சி கீழ் விளிம்பிலிருந்து 2 செ.மீ. தூரத்தில் இருக்கும். தெற்கை வெறும் கடலாக விட்டுவிடாதீர்கள். கிழக்கே சுண்டிக்குளம் சட்டகத்துக்கு வெளியே போய்விடும். அதனால் வடமராட்சி கிழக்கு நிலப்பட்டை கேக்கின் விளிம்போடு வெட்டுப்படும், அது பிழையல்ல. நெடுந்தீவுக்குத் தெற்கே இடது மூலையில் வெறுங்கடல் கிடைக்கும். விளக்கக் குறிப்பையும் நேர்க்கோட்டு அளவுத்திட்டத்தையும் அங்கே வையுங்கள். தலைப்புக்கு வலது மேல் மூலை.

மாவட்டப்படி நிறம் கொடுக்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். குடாநாடும் யாழ் மாவட்டமும் ஒன்றல்ல. பளை இருக்கும் பச்சிலைப்பள்ளிப் பிரதேச செயலகப் பிரிவு குடாநாட்டுக்குள் இருந்தாலும் கிளிநொச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. மருதங்கேணி யாழ் மாவட்டம். ஆனையிறவில் நிறத்தை மாற்றினால் அந்த ஊர்ப் பிள்ளைகளே எழும்பிச் சொல்வார்கள்.

வரைபடம் எடுப்பது: கியூஜிஐஎஸ் இலவச மென்பொருள், இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் கரையோரத் தரவு இரண்டும் போதும். தரவு அகலாங்கு நெட்டாங்குப் பாகையில் வரும். முதலில் ஈபிஎஸ்ஜி 5235 க்கு மாற்றிச் சேமியுங்கள், அதுதான் எஸ்எல்டி99. அதன் பிறகே கரையோரத்தை எளிமைப்படுத்தும் கருவியை ஓட்டி, சகிப்பளவாக (எவ்வளவு சிறிய வளைவுகளை நீக்கலாம் என்ற அளவு, மீற்றரில்) 200 கொடுங்கள். கேக்கில் 1 மி.மீ. என்பது நிலத்தில் 200 மீற்றர். அதைவிட நுணுக்கமான வளைவைக் கத்தி வெட்டாது. மாற்றாமல் பாகையிலேயே வைத்து 200 என்று கொடுத்தால் மென்பொருள் அதை 200 பாகை என்று எடுத்து நிலத்தையே உருவழித்துவிடும். சின்னத் தீவுகளைத் தனியாகப் பிரித்து 50 கொடுங்கள், இல்லாவிட்டால் எழுவைதீவு முக்கோணமாகிவிடும்.

அச்சு லேஅவுட்டில் அளவுத்திட்டம் 200000 என்று அடித்துப் பிடிஎஃப் எடுங்கள். கட்டட வரைபடம் அடிக்கும் கடையில் ஏ2 தாளில் ஒரே துண்டாக எடுக்கலாம், அல்லது நான்கு ஏ4 தாளில் எடுத்து ஒட்டலாம். அச்சடிக்கும்போது ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற தெரிவை எடுத்துவிட்டு 100 வீதத்தில் அடியுங்கள். 3 வீதம் சுருங்கினாலே 50 செ.மீ. இல் 1.5 செ.மீ. குறையும், கேக்கின் விளிம்பும் நெய்யரியும் பொருந்தாது. வந்த தாளில் ஒரு சதுரத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். சரியாக 5 செ.மீ. இருக்க வேண்டும்.

சுன்னாகம் ஐசிங் எழுதியது:

எல்லைக்கல் அண்ணை சொன்ன 50க்கு 30 சரி. தங்கச்சி, அதை ஒரே தட்டிலை பேக் பண்ண ஏலாது. 25க்கு 30 தட்டிலை ரெண்டு கேக் போட்டுப் பக்கம் பக்கமா ஒட்டுங்கோ. ஒவ்வொண்டுக்கும் 500 கிராம் பட்டர், 500 சீனி, 500 மா, முட்டை 9 அல்லது 10. சாதாரண பட்டர் கேக் அளவுதான், 4 செ.மீ. உயரத்துக்கு மேலை வரும். 165 பாகையிலை 50 தொடக்கம் 60 நிமிசம். ஆறினபிறகு நடுவிலை எழும்பின மேட்டைச் சீவி ரெண்டையும் ஒரே உயரமாக்குங்கோ. லவ் கேக் போடாதேங்கோ. ருசிதான், ஆனால் ஈரமா உதிரும், அதுக்கு மேலை பொண்டன்ட் (உருட்டி விரிக்கிற சீனிப் பசை) நிக்காது.

பொருத்து நேர் நடுவிலை, 420,000 கோட்டிலை வரும். அது நல்லூருக்கும் கோப்பாய்க்கும் இடையாலை போற கோடு, அதாலை வலிகாமத்திலை நிலத்தகடு (நிலத்தின்ரை வடிவத்துக்கு வெட்டுற பொண்டன்ட்) மேலை வந்து மூடிப்போடும். கடல் பக்கம் தெரியாமலிருக்கப் பொருத்துக்குள்ளை பட்டர் கிறீம் வடிவா நிரப்பி ஒருக்கா மட்டம் தட்ட வேணும்.

கிறீமுக்கு ஐசிங் சீனி 600 கிராம், பட்டர் 150, வெள்ளை ஷோட்னிங் (மரக்கறிக் கொழுப்பு) 150. முழுக்கப் பட்டர் போட்டால் இந்தக் காத்தாடி மண்டபத்திலை இளகிச் சரியும். பட்டர் 32 பாகையிலேயே உருகத் தொடங்கிவிடும். இன்னொரு காரணம் நிறம். பட்டர் மஞ்சள், அதுக்குள்ளை நீலம் விட்டால் பச்சைதான் வரும். கடல் பாசிக்குளமாத் தெரியும். கிறீமிலை நீலம் வேணுமெண்டால் குச்சி நுனியாலை ஊதா ஒரு துளி சேருங்கோ, மஞ்சளை அது அடிச்சுப்போடும். ஆனால் உங்களுக்குக் கடல் பொண்டன்டிலை வரட்டும், வெள்ளையிலை நீலம் நேராப் பிடிக்கும். ஜெல் நிறம் பாவியுங்கோ, தண்ணி நிறம் பொண்டன்டைக் களியாக்கும். முதல் நாள் பிசைஞ்சு வைச்சால் நிறம் கொஞ்சம் கடுமையாகும், அதாலை வேணுமெண்ட நிறத்துக்கு ஒரு படி குறைய நிப்பாட்டுங்கோ.

கடல் விரிப்புக்கு 1.25 கிலோ பொண்டன்ட், 3 மி.மீ. தடிப்பு. மூடினவுடனை, பொண்டன்ட் இளக்கமா இருக்கேக்கையே, அடிமட்ட விளிம்பாலை 5 செ.மீ. நெய்யரிக் கோடுகளை அழுத்திப்போடுங்கோ. காய்ஞ்ச பிறகு அழுத்தினால் வெடிக்கும்.

நிலத்துக்கு 300 கிராம் காணும், 2 மி.மீ. தடிப்பு. இதுதான் கனபேர் பிழைவிடுற இடம். பொண்டன்டை இறுக்கிற சிஎம்சி தூள் 250 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி எண்டு எல்லா இடத்திலையும் சொல்லுவினம். பூ செய்ய அது சரி. நிலத்தகட்டுக்கு அவ்வளவு போட்டு ரெண்டு நாள் காயவைச்சால், வெட்டேக்க கத்தி படப் படச் சல்லி சல்லியா உடையும். அரைத் தேக்கரண்டி போட்டு, அரை மணித்தியாலம் பொலித்தீனுக்குள்ளை ஆறவிட்டு, வெட்டின பிறகு 4 தொடக்கம் 6 மணித்தியாலம் மட்டும் காத்தாடிக்குக் கீழை வையுங்கோ. மழைநாள் எண்டால் கொஞ்சம் கூட. பாதி நேரத்திலை ஒருக்காப் பிரட்டிவிடுங்கோ, இல்லாட்டி மேல்பக்கம் முந்திக் காய்ஞ்சு விளிம்பு மேலை கிளம்பும். தகட்டிலையும் நெய்யரிக் கோட்டை முந்தியே கீறி வைச்சால் வெட்டு அதிலேயே போகும்.

கரையோரம் வெட்டேக்க கத்தியை இழுக்காதேங்கோ. இழுத்தால் பொண்டன்டும் சேந்து நீளும், நெடுந்தீவு நீண்டுபோகும். புது அலகின்ரை நுனியாலை குத்திக் குத்தி வெட்டுங்கோ. முழுக் குடாநாட்டையும் ஒரே தகடாத் தூக்கவும் நினையாதேங்கோ. வடமராட்சி கிழக்குப் பட்டை கேக்கிலை ஒண்டு ஒண்டரைச் செ.மீ. அகலம்தான், ஆனையிறவுக் கழுத்தும் ஒடுக்கம், தூக்கேக்க முறியும். வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி எண்டு மூண்டாப் பிரியுங்கோ. உப்பாறும் தொண்டைமானாறும் இடையிலை கிடக்குது, பொருத்து அந்தத் தண்ணிக்குள்ளை மறைஞ்சுபோகும்.

கடனீரேரிக்கு ஜெலட்டின் ஜெலி வேண்டாம். உடம்புச் சூட்டுக்குக் கிட்டவே உருகிற சாமான், வாசலுக்கு வரேக்கையே வழியும். அகர் அகர் இந்த வெக்கைக்கு நிக்கும், 85 பாகைக்குக் கிட்டத்தான் திருப்பி உருகும். ஆனால் சுடச்சுட ஊத்தினால் கீழை இருக்கிற கிறீமும் பொண்டன்டும் போச்சு. தட்டிலை 2 மி.மீ. தடிப்பா உறைய வைச்சு வெட்டி வைச்சாலும் தண்ணி கசியும், பொண்டன்ட் அதை உறிஞ்சிக் குழியும். அதாலை பைப்பிங் ஜெல் (கேக்கிலை பூசுற, கண்ணாடி மாதிரி இனிப்புப் பசை) தான் சரி. வெளிர் நீலம் விட்டுச் சின்னத் தூரிகையாலை ஒண்டரை மி.மீ. தடிப்பாப் பூசுங்கோ. இந்த அளவுக்கு 50 கிராம் தாராளம்.

பண்ணைப் பாதை, வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையிலை உள்ள பாதை, பொன்னாலைப் பாதை, சங்குப்பிட்டிப் பாலம் எல்லாம் ஜெல்லுக்கு முந்தி வரட்டும். 1ஆம் இலக்க நொசிலாலை ரோயல் ஐசிங் கோடு போட்டுக் காய்ஞ்ச பிறகு ரெண்டு பக்கமும் ஜெல் பூசுங்கோ. ஜெல்லுக்கு மேலை கோடு போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். ரோயல் ஐசிங்குக்குப் பச்சை முட்டை வேண்டாம், பிள்ளைகள் சாப்பிடுறது, மெரிங்க் பவுடர் பாவியுங்கோ.

கோப்பாய்க்கோடு எழுதியது:

அக்கா, அண்ணை, ரெண்டு பேருக்கும் கனக்க நன்றி. நெய்யரியாலை வெட்டுற யோசனை மன்றத்துக்கு நல்லாப் பிடிச்சிருக்கு. ஒரு சந்தேகம். கரையோரத்தைக் கையாலை வெட்டாமல், சாப்பிடக்கூடிய தாளிலை வரைபடத்தை அச்சடிச்சு ஒட்டினால் வேலை சுகமெண்டு ஒராள் சொல்லுறார். அது இந்த அளவுக்குச் சரிவருமோ? எழுத்துக்கும் ஒரு வழி சொல்லுங்கோ. ‘காங்கேசன்துறை’யை ஐசிங்காலை எழுதிப் பாத்தால் சுழியெல்லாம் அடைச்சுப்போகுது.

தாள்_அச்சு எழுதியது:

அச்சடிக்கலாம், ஆனால் 1:200,000 இல் முடியாது. ஐசிங் தாள்கள் ஏ4 அளவில்தான் சாதாரணமாகக் கிடைக்கும், ஓரம் போக 28.7 செ.மீ. அகலம் அச்சாகும். நெடுந்தீவு முதல் ஆனையிறவு வரை உள்ள 84 கி.மீ. ஐ ஒரு தாளில் அடக்க 1:300,000 வேண்டும், 28 செ.மீ. வரும். அப்போது ஒரு 10 கி.மீ. சதுரம் 3.3 செ.மீ. ஆகிவிடும், துண்டு மிகச் சிறிது. 1:200,000 க்கு இரண்டு மூன்று தாளைச் சேர்த்து ஒட்டினால், ஒட்டும்போது தாள் ஈரம் பட்டுக் கொஞ்சம் நீளும், மூட்டில் கரையோரம் ஒரு மி.மீ. பிசகித் தெரியும்.

அரிசித் தாளை இந்த மாதத்தில் எடுக்கவே வேண்டாம். ஈரக் காற்றுக்கு ஓரம் சுருளும், கிறீமுக்கு மேல் குமிழ் விடும். ஐசிங் தாள் என்றால் பொண்டன்டை மிக மெல்லிதாக நனைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி ஒட்ட வேண்டும். தண்ணீர் கூடினால் மை பரவும். மெல்லிய நீலக் கோடுகள்தான் முதலில் கலங்கும்.

என் கருத்து: கரையோரத்தைக் கையால் வெட்டுங்கள், அச்சுத் தாளை எழுத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஒரே ஒரு ஏ4 தாளில் ஊர்ப் பெயர்கள், விளக்கக் குறிப்பு, வடக்குக் குறி, நேர்க்கோட்டு அளவுத்திட்டம் எல்லாவற்றையும் அடுக்கி அச்சடித்துக் கீலம் கீலமாக வெட்டி ஒட்டலாம். அச்சில் தமிழ் எழுத்து 4 மி.மீ. உயரத்திலும் தெளிவாக வாசிக்கலாம்.

கடைக்குக் கொடுக்கும்போது யூனிகோட் எழுத்தைப் படமாக மாற்றி, அல்லது எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். கோப்பை அப்படியே கொடுத்தால் அங்குள்ள கணினியில் கொம்பும் எழுத்தும் பிரிந்து போய், ‘கோப்பாய்’ என்பதில் இரட்டைக்கொம்பு தனியாக நிற்கும்.

சுன்னாகம் ஐசிங் எழுதியது:

எழுத்துக்கு அவர் சொன்னது நல்ல வழி. அச்சு கிடைக்காட்டி, ஒண்டரை மி.மீ. பொண்டன்ட் கீலத்தைக் காயவைச்சு, சாப்பிடக்கூடிய மைப்பேனையாலை எழுதுங்கோ. நொசிலாலை எழுதுறதெண்டால் 8 மி.மீ. உயரத்துக்குக் குறைஞ்சால் றை, ணை, கே இலை உள்ள வளைவெல்லாம் மூடிக்கொள்ளும். 8 மி.மீ. இலை ‘காங்கேசன்துறை’ எழுதினால் 7 செ.மீ. நீளம், அது நிலத்திலை 14 கி.மீ., கீரிமலையையும் தாண்டிப் போகும். அதாலை கரையோர ஊர்ப் பெயர்களைக் கடல் பக்கம் எழுதுங்கோ. வரைபடங்களிலையும் அப்படித்தான் போடுவினம். உள்நாட்டு ஊருக்குப் புள்ளியும் இலக்கமும் போட்டு, பெயரை விளக்கக் குறிப்பிலை குடுங்கோ. ஒன்பது பத்துப் பெயருக்கு மேலை வேண்டாம், நெரிசலாப்போகும்.

எழுவைதீவைக் கேட்டனீங்கள். இந்த அளவிலை அது 6, 7 மி.மீ. தான், ஆனால் தெரியும். கத்தியாலை வெட்டாமல் கையாலை உருட்டித் தட்டி, அச்சுத்தாளுக்கு மேலை வைச்சு வடிவத்தைச் சரிபாருங்கோ. நயினாதீவு ஒண்டேகால் செ.மீ. வரும். சின்னத் தீவுக்கும் வெளிச்சவீடு, பனை மாதிரி அடையாளங்களுக்கும் சிஎம்சி ஒரு தேக்கரண்டிக் கணக்கிலை போட்டு முந்தியே முழுக்கக் காயவைக்கலாம், அதை ஒருத்தரும் கத்தியாலை வெட்டப்போறதில்லை. கம்பியோ பல்லுக்குத்தியோ உள்ளுக்கு வைக்காதேங்கோ.

பாடவேளை எழுதியது:

முழு இலங்கை பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1:1,000,000 இல் நாடு 43 செ.மீ. நீளமும் 22 செ.மீ. அகலமும் வரும், அதுவரை வசதிதான். ஆனால் அதே அளவுத்திட்டத்தில் 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகாலை இரண்டரை மி.மீ. தான். மலை தெரிய வேண்டுமானால் நிலைக்குத்து மிகைப்படுத்தல் வேண்டும். 500 மீற்றர் சமவுயரக் கோட்டு இடைவெளி, ஒவ்வொரு படிக்கும் 4 மி.மீ. பொண்டன்ட் என்று எடுத்தால் நிலைக்குத்து அளவுத்திட்டம் 1:125,000, அதாவது 8 மடங்கு மிகைப்படுத்தல். மொத்தம் ஐந்து படி, 2 செ.மீ. ஐந்தாவது 2,500 மீற்றர்ப் படி பீதுருதாலகாலையில் மட்டும் ஒரு புள்ளியாக வரும். 1,000 மீற்றர்ப் படியில் மத்திய மலைநாட்டை விட்டு நக்கிள்ஸும் இறக்குவானையும் தனித்தனித் துண்டாக நிற்க வேண்டும். அவற்றை மறந்து ஒரே குவியலாக வைப்பதுதான் வழக்கமான பிழை. மிகைப்படுத்தல் எத்தனை மடங்கு என்பதையும் விளக்கக் குறிப்பில் எழுத வேண்டும், எழுதாவிட்டால் பிள்ளைகள் அதை உண்மைச் சாய்வு என்று எடுத்துக்கொள்வார்கள்.

உயரத் தரவு 2000 பெப்ரவரியில் விண்ணோடம் எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவில் இலவசமாகக் கிடைக்கிறது. எஸ்எல்டி99 நெய்யரியின் தொடக்கப் புள்ளியும் அதே பீதுருதாலகாலையில்தான் இருக்கிறது. 500,000, 500,000 என்ற ஆள்கூற்றை அந்த உச்சியில் ஒரு சின்னக் கொடியில் எழுதலாம்.

இருந்தாலும் நான் குடாநாட்டுப் பக்கம்தான் நிற்பேன். இங்கே மலை இல்லை, 1:200,000 இல் 10 மீற்றர் உயரம் 0.05 மி.மீ., அதைக் காட்ட முடியாது. ஆனால் நிலத்துக்குக் கீழே காட்டப் பெரிய விசயம் இருக்கிறது. கேக்கின் பக்கங்கள் 4 செ.மீ. உயரம் வெறுமனே கிடக்கின்றனவே. ஒரு நீளப் பக்கத்தைக் குறுக்குவெட்டு முகமாக்குங்கள். மேலே மெல்லிய செம்மண், அதன் கீழே மயோசீன் சுண்ணாம்புக்கல் வெள்ளையாக, அந்தச் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளே நன்னீர் வில்லை வெளிர் நீலமாக, அடியில் உவர்நீர் கடுநீலமாக. வில்லை நடுவில் தடித்து இரு கரைகளை நோக்கி மெலிய வேண்டும். கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கும் என்பது கைபன்-ஹேர்ஸ்பேர்க் விதி. நன்னீரை ஒரே தடிப்பான நேர்ப்பட்டையாக ஒட்டினால் அந்தக் கருத்தே போய்விடும். நம் கிணறுகளில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் ஏன் உவர் ஏறுகிறது என்பதை இந்தப் பக்கத்தைக் காட்டியே விளக்கலாம். இதுவும் அளவுத்திட்டத்துக்கு அமைந்ததல்ல, கீழே அப்படி எழுதிவிடுங்கள்.

ஜிஐஎஸ் நாள் என்பதால் உள்ளேயும் ஒன்று செய்யலாம். ரிபன் கேக் போல மாவை மூன்றாகப் பிரித்து நிறம் போட்டால், வெட்டிய துண்டில் நிலப்பயன்பாடு, வீதி, நீர் என்ற தரவுப் படைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும். படைகளை அடுக்கிப் பார்ப்பதுதானே ஜிஐஎஸ்.

யாராவது பூகோளக் கேக் கேட்டால் ஒரு எச்சரிக்கை. உலகப் படத்தைச் செவ்வகமாக அச்சடித்துப் பந்தில் சுற்ற முடியாது. இரு முனையும் கூரான 12 கதிர்க் கீலங்களாக வெட்ட வேண்டும். 15 செ.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு 47.1, ஒவ்வொரு கீலமும் நடுவில் 3.9 செ.மீ. அகலம், 23.6 செ.மீ. நீளம். கிறீம் பூசிய பிறகு விட்டத்தை அளந்து கணக்குப் பாருங்கள். பூச்சால் 16 செ.மீ. ஆகிவிட்டால் கடைசிக் கீலத்தில் 3 செ.மீ. இடைவெளி விழும். அந்தப் பந்தில் இலங்கை 5 மி.மீ.

எல்லைக்கல் எழுதியது:

மேலே சொன்னவற்றோடு இரண்டு விசயம். பலகையின் விளிம்பில் ‘© ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்’ என்று எழுதுங்கள். தரவு இலவசம், ஆனால் மூலத்தைச் சொல்வது அதன் உரிமத்தின் நிபந்தனை. கேக்கைப் படம் எடுத்து இணையத்தில் போடப்போகிறீர்கள் என்றால் கட்டாயம். அடுத்தது, 1:200,000 என்ற வகைக்குறிப் பின்னத்தை மட்டும் எழுதி விடாமல் நேர்க்கோட்டு அளவுத்திட்டத்தையும் வையுங்கள். புகைப்படத்தில் கேக் சிறுக்கும்போது 1:200,000 பொய்யாகிவிடும், நேர்க்கோடு படத்தோடு சேர்ந்து சிறுத்துச் சரியாகவே நிற்கும்.

சுன்னாகம் ஐசிங் எழுதியது:

கொண்டுபோறதைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. எல்லாம் சேத்து 6 கிலோவுக்குக் கிட்ட வரும். கடையிலை விக்கிற மெல்லிய கேக் போர்ட் இந்த நீளத்துக்கு வளையும், வளைஞ்சால் வெடிப்பு நேரா நடுப் பொருத்திலைதான் வரும். 12 மி.மீ. பிளைவுட் பலகை, 60க்கு 40 செ.மீ., மேலை ஒயில் பேப்பர் சுத்துங்கோ. ஓட்டோவிலை மடியிலை வைக்காமல் வான் தரையிலை மட்டமா வைச்சு, அடியிலை வழுக்காத துணி விரியுங்கோ.

ஒழுங்கு இப்படி வரட்டும். ஞாயிறு வரைபடம் அச்சடிச்சு, தீவும் அடையாளங்களும் வெட்டிக் காயவைக்கிறது. திங்கள் பேக். செவ்வாய் விடியக் கிறீம், பொண்டன்ட், நெய்யரிக் கோடு, பிறகு நிலத்தகடு, பின்னேரம் வீதிகள். புதன் விடிய எழுத்தும் ஜெல்லும். பொண்டன்ட் மூடினபிறகு பிரிஜ்ஜுக்குள்ளை வைக்காதேங்கோ. வெளியிலை எடுத்தவுடனை வேர்த்து, நிறம் ஒண்டோடை ஒண்டு கலந்து ஓடும். பட்டர் கேக் வெளியிலை ரெண்டு மூண்டு நாள் நிக்கும், பழுதாகாது. யன்னல் வெயில் படாத இடம் பாருங்கோ, நீலம் வெயிலுக்கு வெளிறும்.

வெட்டேக்க நீளக் கத்தியைச் சுடுதண்ணியிலை தோய்ச்சு, துடைச்சு, நேரா அழுத்துங்கோ, அறுக்க வேண்டாம். முதலிலை 10 கி.மீ. நெடுக்குக் கோடெல்லாம், பிறகு குறுக்கு. ரெண்டிலையும் ஜெல்லுக்குள்ளாலை போற கோடுகளைக் கடைசியா வெட்டுங்கோ. முந்தி வெட்டினால் கத்தியிலை ஒட்டின ஜெல் மற்றத் துண்டெல்லாத்திலையும் இழுபடும்.